ஒரிஜினல் கொப்பி: பக்கெட் சீட் வாங்கிப் பட்ட பாடு

எங்கள் வெள்ளவத்தை வீட்டு பால்கனியில் கறுப்பும் சிவப்புமாக ஒரு பக்கெட் சீட் இருக்கிறது, ரேஸ் கார்களில் உடம்பை இரண்டு பக்கமும் பிடித்துவைக்கிற சீட். அப்பா காலையில் அதில் சாய்ந்துகொண்டுதான் பேப்பர் வாசிக்கிறார். கீழே பழைய பலகை ஒன்றை வைத்து நான்கு போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் "இது என்ன புது மாதிரிக் கதிரை?" என்று கேட்டால், நான் வாய் திறப்பதற்கு முன்னரே அம்மா "ரெண்டு லட்சம் ரூபாக் கதிரை" என்று சொல்லிவிடுவார். கணக்குப் பார்த்தால் அதைவிடக் கொஞ்சம் கூட. எப்படி அவ்வளவு போனது என்பதை எழுதிவைக்கிறேன். நான் வாங்கப் போனபோது எனக்கு இதைச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

வண்டி ஹொண்டா சி.ஆர்.இசட், ஆறு கியர் மெனுவல். ஹைபிரிட்டை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லலாமா என்று கூட்டாளிகள் இன்னும் கிண்டல் அடிக்கிறார்கள். இரண்டு கதவு, 1.5 லீற்றர் எஞ்சின், ரோட்டோடு ஒட்டிப் போகிற உயரம். எனக்கு அது போதும். 2018இல் வாங்கினேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதும் பழைய கார்களின் விலையெல்லாம் எங்கேயோ போய்விட்டது. வேறு வண்டி மாற்றுகிற பேச்சுக்கே இடமில்லை என்றான பிறகு, இருப்பதையே அழகுபார்க்கிற வியாதி எனக்கும் தொற்றியது. 2024 ஆரம்பத்தில் ஓட்டுநர் சீட்டின் வலதுபக்க மேடு அமுங்கிப்போய், உள்ளே இருந்த பஞ்சு மாவு மாதிரி உதிரத் தொடங்கியது. கதவுப் பக்கம் அது. ஒவ்வொரு தடவை ஏறி இறங்கும்போதும் தொடை அதன்மேல் உரசித்தான் போகும். காலி வீதி டிரஃபிக்கில் ஒரு மணி நேரம் இருந்தால் இடுப்பு வலித்தது. அந்த நேரத்திலேயே ஒரு குஷன் கடைக்குப் போயிருந்தால் கதை முடிந்திருக்கும். நான் போனது பஞ்சிகாவத்தைக்கு.

பஞ்சிகாவத்தையைத் தெரிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மருதானைப் பக்கம் கடைக்குக் கடை பம்பர், ஹெட்லைட், கியர் பொக்ஸ், ஜப்பானிலிருந்து வெட்டிக் கொண்டுவந்த பாதிக் கார்கள். ஒரு கடையின் மாடியில் வரிசையாக பக்கெட் சீட் தொங்கியது. துணி நடுவில் கறுப்பிலிருந்து சாம்பலுக்கு மெல்ல மெல்ல மாறுகிறது, முதுகில் பெரிதாக பிரைட் என்ற ஜப்பான் கம்பனியின் பெயர். நெஞ்சு படபடத்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் உண்மை. கடைக்கார நானாவிடம் "இது ஒரிஜினலா?" என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் யோசிக்காமல், "தம்பி, இது ஒரிஜினல் கொப்பி" என்றார். அந்த இரண்டு சொற்களில் முதலாவது மட்டும்தான் என் காதில் விழுந்தது. மனுஷன் பொய் சொல்லவில்லை, அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. சோடி 135,000 ரூபா. பிரைட் கம்பனியின் சாய்கிற சீட் ஒன்று ஜப்பானிலேயே புதிதாக ஒரு லட்சம் யென்னுக்கு மேல் என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துகொண்டும் வாங்கினேன்.

கொப்பியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பிறகு கைப்பட்டுத் தெரிந்துகொண்டேன். முதலில் சீட்டைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். என்னுடையதில் ஃபைபர் கிளாஸ் வெறுமனே, பூச்சுக்கூட இல்லாமல், நார் நாராக நீட்டிக்கொண்டிருந்தது. தடவிப் பார்த்த விரல்கள் இரவு முழுக்க அரித்தன. அடுத்து பெல்ட் போகிற ஓட்டைகளின் விளிம்பு. துணிக்குக் கீழே, சீட்டின் உடம்பான ஃபைபர் ஓடு எவ்வளவு தடிப்பு என்பது அங்கே தெரியும். என் சீட்டில் ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் பிளாஸ்டிக் தட்டு மாதிரி. முதுகுப் பகுதியை முழங்காலால் அழுத்தி, இரண்டு தோளையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். நல்ல ஓடு அசையாது, என்னுடையது முனகியது. பின்னாலிருந்து ஒரு வாகனம் அடித்தால் முதுகைத் தாங்க வேண்டியது அந்த ஓடுதான். கடைசியாக எஃப்ஐஏ லேபல், அதாவது சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பின் தரச் சீட்டு. போட்டிக்கென்று செய்த சீட்டில் 8855-1999, 8862-2009 என்பது போலத் தரத்தின் எண்ணும் செய்த ஆண்டும் இருக்கும். முதலாவது தரத்துக்கு செய்த ஆண்டிலிருந்து 5 வருடம், இரண்டாவதுக்கு 10 வருடம்தான் போட்டிகளில் செல்லுபடி. கட்டுகுருந்த கார் ரேசிலோ நுவரெலியா மலையேற்றக் கார் போட்டியிலோ ஓட ஆசைப்படுகிறவர்கள் தரத்தின் பெயரைப் பார்த்ததோடு நிற்காமல் அந்த ஆண்டையும் பார்க்க வேண்டும். கொப்பி செய்கிறவர்கள் லேபலையும் தைத்து ஒட்டுகிறார்கள் என்பதால் அது இருக்கிறது என்பதற்காக மட்டும் காசை எடுத்துவிட வேண்டாம். ஸ்பார்கோ, ரெகாரோ, ஓஎம்பி என்று எந்தப் பெயரானாலும் இதே சோதனைதான்.

சீட்டை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் ரெயில் என்று ஒன்று இருக்கிறது என்ற ஞானம் வந்தது. சீட்டுக்கும் காரின் தரைக்கும் நடுவில் முன்னும் பின்னும் நகர்த்துகிற இரும்பு அது. ஒவ்வொரு வண்டி மாதிரிக்கும் தனி ரெயில், அதிலும் இடது வேறு வலது வேறு. காரணம், தரையில் இருக்கிற நான்கு போல்ட் துவாரங்களும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. முன்னது ஒரு உயரம், பின்னது ஒரு உயரம், கியர் பக்கம் இருப்பது கொஞ்சம் மேலே. சீட் ஓட்டிலும் இரண்டு வகை: பக்கவாட்டில் போல்ட் போடுவது, அடியில் போல்ட் போடுவது. இது ஒன்றும் தெரியாமல் "எல்லா வண்டிக்கும் போகும்" என்று சொல்லப்பட்ட யூனிவர்சல் ரெயில் இரண்டு சோடி 28,000 ரூபாவுக்கு வாங்கினேன். எல்லா வண்டிக்கும் போகும் என்றால் ஒரு வண்டிக்கும் சரியாகப் போகாது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தெஹிவளையில் ஒரு கராஜ் பாஸிடம் கொடுத்தேன். கெட்டிக்காரன், டிங்கர் வேலையில் கை சுத்தம். ஆனால் சீட் பூட்டுவது அவருக்கு ஒரு மேசைக்குக் கால் வைக்கிற வேலை மாதிரி. பட்டை இரும்பை வெட்டி, வளைத்து, வெல்டிங் அடித்து நான்கு கால் செய்தார். அதன்மேல் யூனிவர்சல் ரெயில், அதன்மேல் பக்கவாட்டுப் பட்டை, அதன்மேல் சீட். ஒவ்வொரு அடுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, பழைய சீட்டைவிட இரண்டு அங்குலம் மேலே கொண்டுபோய் உட்காரவைத்தது. ரேசிங் சீட் போடுவதே தாழ்வாக உட்காரத்தான். நான் கூரையில் தலைமுடி உரச ஒரு பஸ் டிரைவர் மாதிரி இருந்தேன். இன்னொன்று, சீட்டின் நடுக்கோடு ஸ்டியரிங்கின் நடுக்கோட்டோடு பொருந்தவில்லை. கதவுப் பக்கம் ஓர் அங்குலம் தள்ளியிருந்தது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அரை மணி நேரம் ஓட்டினால் இடது தோள் சொல்லும். ஓட்டில் புதைத்து வைத்திருந்த நட்டுகளில் ஒன்று இறுக்கும்போது உள்ளேயே சுற்றத் தொடங்கியது. "பரவாயில்ல, மத்த மூணும் பிடிச்சிருக்கு" என்றார் பாஸ். அந்த வசனத்தைக் கேட்ட இடத்திலேயே வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். வெட்கம், கொடுத்த காசு, பொழுது சாய்கிற நேரம் எல்லாம் சேர்ந்து என்னைத் தலையாட்ட வைத்தது. கூலி 19,000.

போல்ட் விஷயத்தில் ஒன்று. தலையில் பலத்தைக் காட்டுகிற எண் 8.8 அல்லது அதற்கு மேல் என்று அடித்த போல்ட்டாக இருக்க வேண்டும். என் சீட்டில் இருந்த 8 மில்லிமீற்றர் போல்ட்டுகளின் தலை மொட்டையாக இருந்தது. கட்டில் பூட்டுகிற போல்ட்டாகக்கூட இருக்கலாம். தரையில் இறங்குகிற போல்ட்டுகளை மட்டும் கம்பனி போட்டதையே திரும்பப் போடுங்கள், புதிது தேட வேண்டாம்.

இதற்கிடையில் டாஷ்போர்டில் எஸ்ஆர்எஸ் லைட், அதாவது ஏர்பேக்கில் பிழை என்று காட்டுகிற லைட், எரியத் தொடங்கிவிட்டது. என் வண்டியில் பக்கவாட்டு ஏர்பேக் பழைய சீட்டின் முதுகுக்குள்ளேயே இருந்தது என்பது எனக்குத் தெரியாது. சீட்டைக் கழற்றுகிறபோது கீழே மஞ்சள் நிறக் கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக் வயர். பெற்றரியின் நெகடிவ் வயரைக் கழற்றி மூன்று நிமிடமாவது பொறுத்துத்தான் அதில் கை வைக்க வேண்டும். நாங்கள் வைத்தது இக்னிஷன் ஓனில் பாட்டுக் கேட்டுக்கொண்டு. வெடிக்காதது எங்கள் அதிர்ஷ்டம். லைட்டை அணைக்க அந்தக் கனெக்டரில் ஏர்பேக் இருப்பதுபோலக் காட்டுகிற சின்ன ரெசிஸ்டர் ஒன்றைச் சொருகி, ஸ்கேனரில் அழித்துத் தந்தார்கள், 9,000 ரூபா. லைட் அணைந்ததே தவிர ஏர்பேக் இல்லாதது இல்லாததுதான். லைட்டை அப்படியே எரியவிடுவதும் ஆபத்து, பிழை இருக்கிறது என்று கம்ப்யூட்டர் நினைத்தால் முன்னால் இருக்கிற ஏர்பேக்குகளும் விரியாமல் போகலாம். உங்கள் சீட்டின் தோள் ஓரத்தில் ஏர்பேக் என்று ஒரு சின்ன பட்டி தைத்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு மற்றதை யோசியுங்கள். சீட்பெல்ட் பூட்டையும் பாருங்கள். பல கார்களில் அது தரையில் இல்லை, பழைய சீட்டின் பக்கத்திலேயே பூட்டியிருக்கும். புது ரெயிலில் அதற்கு இடம் இல்லாவிட்டால் யாராவது ஒரு துண்டு இரும்பை வெல்ட் பண்ணி அதில் மாட்டுவார்கள். உங்கள் முழு எடையும் விபத்தில் தொங்கப்போவது அந்தத் துண்டில்.

ஓட்டிய கதைக்கு வருகிறேன். முதல் மூன்று நாள் சொர்க்கம், பொய் சொல்லக் கூடாது. மரைன் டிரைவில் வளைவே இல்லாத இடத்தில்கூட வளைத்துப் பார்த்தேன். நாலாம் நாள் காலி வீதியில் மழை, வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்கு ஒரு மணி நேரம். க்ளச் மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் சீட்டின் முன் விளிம்பு மேடு இடது தொடையின் அடியில் வெட்டியது. கந்தோருக்குப் போய் இறங்கியபோது கால் மரத்துப்போய் செக்யூரிட்டி ஐயா பிடித்துவிட்டார். மெனுவல் கியர் வைத்திருக்கிறவர்கள் கடையில் சீட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது இடது காலை நூறு தடவை நீட்டி மடக்கிப் பாருங்கள். கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். இடுப்பின் அளவையும் வீட்டிலேயே எடுத்துவிடலாம். பலகைக் கதிரையில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தடித்த புத்தகத்தை இடுப்போடு ஒட்டி நிறுத்தி, நடுவில் எவ்வளவு என்று அளந்தால் போதும். எனக்கு 41 சென்டிமீற்றர் வந்தது. நான் வாங்கிய சீட்டின் உள் அகலம் 38. அந்த மூன்று சென்டிமீற்றருக்குத்தான் நான் இரவில் இடுப்பில் சித்தாலேப தடவிக்கொண்டு படுத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவை பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். சேலையோடு அந்த மேட்டைத் தாண்டி உள்ளே விழ முடிந்தது, வெளியே வர முடியவில்லை. கொசுவம் பக்க மேட்டில் மாட்டி, நான் ஒரு கையும் பூக்காரப் பெண் ஒரு கையும் பிடித்து இழுக்க, அர்ச்சனைத் தட்டு மடியில், தேங்காய் உருண்டு ரோட்டுக்குப் போய்விட்டது. "தம்பி, இனி நான் ஆட்டோவில வாறன், நீ உன்ர கதிரையோட வா" என்றார். முன்சீட் மடியாததால் பின்சீட்டுக்குப் போவதும் பெரும்பாடு. ஏற்கெனவே பெயருக்குத்தான் பின்சீட், அதன் பிறகு அது பெரும்பாலும் பை வைக்கிற தட்டு. வீட்டில் வயதானவர்கள், சின்னப் பிள்ளைகள் இருந்தால் முழு பக்கெட் வேண்டாம். சாய்கிற, மடிகிற செமி பக்கெட்டோடு நில்லுங்கள், அதுவும் ஓட்டுநர் பக்கம் மட்டும்.

உண்மையான பயம் மூன்றாம் மாதம் வந்தது. பம்பலப்பிட்டிச் சந்திக்குக் கிட்ட ஒரு ஆட்டோ திடீரென்று குறுக்கே வெட்டியது. பிரேக்கை அழுத்தி மிதித்தேன். கார் நின்றது, சீட் நிற்கவில்லை. வலதுபக்க ரெயில் டக்கென்று ஒரு பல் முன்னால் தாவ, இடதுபக்கம் அப்படியே நிற்க, சீட் கோணலாகத் திரும்பி என் நெஞ்சு ஸ்டியரிங்கில் முட்டியது. வேகம் முப்பதுகூட இருந்திராது. ஓரமாக நிறுத்திவிட்டு அப்படியே இருந்தேன், கை நடுக்கம் நிற்கப் பத்து நிமிடம் ஆனது. அடுத்த போயா நாள் சீட்டைக் கழற்றிப் பார்த்தால், ரெயிலின் பூட்டு ஒரு பக்கம்தான் முழுதாக விழுகிறது. மறுபக்கத்துக்கு இழுக்கிற கம்பி தளர்ந்து தொங்கியது. பின்கால் வெல்டிங்கில் நகத்தால் தடவினால் மட்டும் தெரிகிற மயிரிழை வெடிப்பு. சதர்ன் எக்ஸ்பிரஸ்வேயில் மனைவியோடும் மகளோடும் மாத்தறைக்குப் போய்வந்தது அதற்கு இரண்டு கிழமைக்கு முன்னர்தான். அன்றிரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, அது இன்னும் மோசம். ரெயில் வாங்கும்போது இரண்டு பக்கமும் பூட்டுகிற வகைதானா என்று கேளுங்கள். பூட்டிய பிறகு பின்சீட்டில் ஒருவர் இருந்து முழுப் பலத்தோடு தள்ளிப் பார்க்கட்டும்.

பழைய சீட்டையே திரும்பப் போடுவோம் என்று முடிவெடுத்தேன். ஆனால் பழைய சீட் என்னிடம் இல்லை. புதுசு வாங்கிய சந்தோஷத்தில் "வீட்டில இடத்தை அடைக்குது" என்று சோடியை 30,000 ரூபாவுக்கு விற்றிருந்தேன். அதே ஆளிடம் போய் நின்றேன். இறக்குமதி இல்லாத காலம், அந்த மாதிரி வண்டியின் சீட், உள்ளே ஏர்பேக் நல்ல நிலையில், 70,000 என்றார். பேரம் பேசினேன். "தம்பி, நீங்க அவசரமா வந்திருக்கீங்க, எனக்கு அவசரம் இல்ல" என்றார். எழுபதையும் எண்ணிக் கொடுத்தேன். இந்தக் கதையில் என்னை மிகவும் எரித்த காசு இதுதான். புது சீட்டில் ஆறு மாதம் ஓட்டிப் பார்க்கும் வரை பழையதைக் கட்டிலுக்குக் கீழே, படிக்குக் கீழே, மாமியார் வீட்டில், எங்கேயாவது வைத்திருங்கள். வண்டியை விற்கிற நாளில் வாங்குபவரும் அதைத்தான் முதலில் கேட்பார்.

திரும்பப் பூட்ட 8,000. இந்த முறை ஹொண்டா வேலை மட்டும் செய்கிற ஒருவரிடம் போனேன். 14 நம்பர் சாக்கெட்டோடு வந்து ஒரு மணி நேரத்தில் முடித்தார். ரெசிஸ்டரைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்து, "இத ஞாபகத்துக்கு வச்சுக்கொள்ளுங்க" என்றார். பிறகு கொட்டாஞ்சேனையில் ஒரு குஷன் கடை. பழைய பஞ்சை எடுத்துவிட்டு அடர்த்தியான ஃபோம் வெட்டி வைத்து, மேட்டை நிமிர்த்தி, துணியும் மாற்ற 24,000. ஏர்பேக் இருக்கிற தோள் ஓரத்துத் தையலை மட்டும் தொட வேண்டாம் என்று சொன்னேன், அவருக்கு அது முன்னரே தெரிந்திருந்தது. அந்தத் தையல் ஏர்பேக் விரியும்போது கிழிய வேண்டும், வேறு நூலால் தைத்தாலோ மேலே சீட் கவர் போட்டாலோ சரியாகக் கிழியாமல் போகலாம். மூன்று நாளில் சீட் கிடைத்தது. உட்கார்ந்ததும் இடுப்பு வலி போன இடம் தெரியவில்லை. எனக்குத் தேவைப்பட்டது 24,000 ரூபாப் பஞ்சு.

ஆசை மட்டும் விட்டுப் போகவில்லை. போன வருடக் கடைசியில் ஒரு நண்பர் மூலம் பாதி வெட்டிக் கொண்டுவந்த ஜப்பான் காரிலிருந்து கழற்றிய ரெகாரோ சாய்கிற சீட் ஒன்று பார்க்கக் கிடைத்தது. இந்தத் தடவை டோர்ச்சும் அளவு நாடாவும் கொண்டுபோனேன். கவிழ்த்தேன்: இரும்புச் சட்டம், துரு இல்லை, வெல்டிங் திருத்தம் இல்லை. சாய்க்கிற குமிழைச் சுற்றினேன், ஆட்டம் இல்லை. உள் அகலம் இடுப்புக்குச் சரி. ஒரு மணி நேரம் அந்தக் கடையிலேயே உட்கார்ந்து தேநீர் குடித்தேன். சீட் 150,000, என் வண்டிக்கென்றே செய்த ரெயில் ஜப்பானிலிருந்து எடுப்பிக்க 58,000, மொத்தம் 208,000. நான் கொப்பியில் தொலைத்தது, பழையதை விற்ற காசையும் பிறகு ஒரு சீட் விற்ற காசையும் கழித்துப் பார்த்தால், 217,000. அந்தக் கடையில் இருந்துகொண்டு கைப்பேசியில் இந்தக் கழித்தலைப் போட்டபோது தேநீர் ஆறிவிட்டது. பெல்ட்டைப் பற்றியும் கேட்டேன், நான்கு முனை ஹார்னஸ், அதாவது இரண்டு தோளையும் கட்டுகிற ரேஸ் பெல்ட், ஒன்றும் சேர்த்துத் தருவதாகச் சொன்னார்கள். ரோல் கேஜ், அதாவது கூரை அமுங்காமல் தாங்குகிற இரும்புக் கூடு, இல்லாத ரோட்டுக் காரில் அது வேண்டாம்: கார் கவிழ்ந்து கூரை அமுங்கினால் சாதாரண பெல்ட்டில் உடம்பு சாயும், ஹார்னஸ் நிமிர்த்தியே பிடித்துவைத்திருக்கும். தோள் பட்டிகளைப் பின் தரையில் கொண்டுபோய்க் கட்டினால் மோதலில் முதுகெலும்பைக் கீழே அழுத்தும்.

வாங்கவில்லை. காப்புறுதி ஏஜென்டிடம் கேட்டபோது, சீட் மாற்றினால் எழுத்தில் அறிவியுங்கள், அறிவிக்காமல் விபத்தானால் நட்டஈட்டில் இழுபறி வரும் என்றார். அதைச் செய்துவிடலாம். பக்க ஏர்பேக்கைத்தான் திரும்பக் கொண்டுவர முடியாது. மனைவியிடம் விலையைச் சொன்னேன், ரெயிலைச் சொன்னேன், இரண்டு பக்கமும் பூட்டும் என்றேன். "ரேசுக்குப் போறதெண்டா வாங்குங்கோ. பிள்ளையை மொண்டசூரிக்கு விடுறதுக்கு எதுக்கப்பா?" என்றார். ஏர்பேக் இல்லாத பழைய வண்டி ஒன்று கைக்கு வந்து, அதை நுவரெலியாவுக்குக் கொண்டுபோகிற காலம் வந்தால் அந்தக் கடைக்குத்தான் போவேன். முதலில் ரெயிலைக் கேட்பேன், பிறகு சீட்டை.

கொப்பி சோடியில் ஒன்றை கொட்டாஞ்சேனைப் பையன் ஒருவன் 22,000க்கு எடுத்துக்கொண்டான். கம்ப்யூட்டர் கேமுக்கு, ஸ்டியரிங்கும் பெடலும் வைத்து இரும்புச் சட்டத்தில் பூட்டுவானாம். அதற்கு அது நல்ல சீட்தான், சந்தோஷமாகவே கொடுத்தேன். மற்றதையும் விற்கலாம் என்று விளம்பரம் போட எடுத்த படத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். "இதை ஏன் விக்கிறாய், முதுகுக்கு நல்லா இருக்கு" என்றார். அவருடைய இடுப்பு 36 சென்டிமீற்றர், நான் அளந்து பார்த்தேன்.